நாலு டம்ளர் கூழுக்கு அஞ்சு டம்ளர் சர்க்கரை

மீன் குடலை உருவிப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அதே இடத்தில் உட்கார்ந்து சோறு தின்கிறவள் நான். இறால் ஓடு வெயிலில் கிடந்து நாறினாலும் அதைத் தாண்டிப் போய் என் வேலையைப் பார்ப்பேன். எனக்கு ஆகாதது பழம்தான். அதிலும் கனிந்து, தோல் வெடித்து, சாறு கசிகிற பழம். மீன் கெட்டால் கெட்டுவிட்டது என்று மூக்குக்கு உடனே தெரியும். பழம் அழுகும்போதும் இனிப்பாகவே மணக்கும். அந்த வாடை எனக்குக் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி. கோயிலில் பஞ்சாமிர்தம் கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் நிற்கிறவள் கையில் ஊற்றிவிடுவேன்.

அப்படிப்பட்டவள் இப்போது பழக்கூழில் முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்துகொண்டிருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் நாத்தனார். என் வீட்டுக்காரருடைய தங்கை, என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்து எங்களோடு இருக்கிறாள். ஏரிக்கு நடுவில் இருக்கிற எங்கள் குப்பத்திலிருந்து விடியும்போதே படகேறிக் கரைக்குப் போய், அங்கே இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்து வந்தாள். ஐஸ் தண்ணீரில் கிடக்கிற இறாலை எடுத்து, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்துப் போட வேண்டும். நாள் முழுவதும் கை ஈரத்தில்தான். முதலில் நகச்சுத்து வந்தது. நகத்தைச் சுற்றி வீங்கி, சீழ் வைத்து, ஆறி, மறுபடி வந்தது. பிறகு வலது கையில் இரண்டு நகம் விழுந்துவிட்டது. விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துத் தோல் உரிந்தது. குழம்பு பட்டால் எரிகிறது என்று சோற்றைக் கரண்டியால் அள்ளித் தின்றாள்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மருந்தெல்லாம் இரண்டாவது, முதலில் கை காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் வைத்தால் இந்த விரல்கள் உனக்கு உதவாமல் போய்விடும் என்று சொன்னார். நாத்தனார் அங்கே தலையை ஆட்டிவிட்டு, படகில் வரும்போது சுற்றிலும் இருந்த தண்ணீரைக் காட்டி, "காஞ்ச வேல எங்க கீது அண்ணி, சொல்லு, போறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் மகளிர் குழுவுக்கு ஜாம் செய்யும் யோசனை வந்தது. பொன்னேரியில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர், நாவல்பழ ஜாம் நன்றாக இருந்தால் தொடர்ந்து வாங்கிக்கொள்வதாகக் குழுத் தலைவியிடம் சொல்லியிருந்தார். ஜாம் என்றால் அடுப்பு வேலை, உட்கார்ந்து செய்கிற வேலை, ஐஸ் கிடையாது. நாத்தனார் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். ஜாம் நிலைத்தால் ஷெட்டுக்குப் போவதை விட்டுவிடுவேன் என்று வீட்டில் சொன்னாள். என் பேரையும் அவளே கொடுத்துவிட்டு வந்தாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் குழுவில் நான் ஒருத்திதான் என்பதால், அளவு கணக்கு என் பொறுப்பு என்று தலைவி சொல்லிவிட்டார். பழத்தைத் தொட வேண்டியதில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன்.

சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். படகிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டை மூக்கில் இருந்தது. புயல் பாதுகாப்பு மையக் கூடத்தில் நாங்கள் விரித்துவைத்த பாயில் உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. பாத்திரங்களை முகர்ந்து பார்த்தார். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவச் சொன்னார். கழுவிக் கொடுத்த பிறகும் இரண்டு விரலால்தான் பிடித்தார். பழத்தின் மேல் எனக்கு இருந்த அருவருப்பு அன்று கொஞ்ச நேரம் அந்த அம்மாவின் மேல் போயிற்று.

அவரிடம் கலர் கலராகப் பிளாஸ்டிக் கப்புகள் இருந்தன. பெரியது, பாதி, கால் என்று ஒரு வளையத்தில் கோத்திருந்தார். அவற்றால் அளந்து அளந்து செய்துகாட்டினார். வாயால் சொல்லும்போது ஒரு தடவை ஒரு கிலோ கூழுக்கு ஒரு கிலோ சர்க்கரை என்றார். இன்னொரு தடவை ஒரு கப் கூழுக்கு ஒரு கப் சர்க்கரை என்றார். கிலோவா கப்பா என்று எனக்குச் சந்தேகம். கூட்டத்தில் வாய் திறக்க எனக்கு எப்போதும் வெட்கம். அன்று எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார். சாயங்காலம் கப்புகளைத் துடைத்துப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்களிடம் மிஞ்சியது ஒரு எவர்சில்வர் டம்ளர். தராசு கிடையாது. எலக்ட்ரானிக் தராசு எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது.

ஆரம்பாக்கத்திலிருந்து பத்துக் கிலோ நாவல்பழம் வரவழைத்தோம். வியாபாரி எடை போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் அனுப்பியது, பஸ்ஸில் குலுங்கி, படகில் வெயில் காய்ந்து வந்தது. பெட்டியைத் திறந்ததும் நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அடியில் இருந்த பழமெல்லாம் நசுங்கிக் கருநீலச் சேறாக இருந்தது. கள் வாடை அடித்தது. மேலே இருந்த பழத்தைப் பிட்டால் உள்ளே வெள்ளைப் புழு, நூல் துண்டு மாதிரி, துள்ளியது. இதைக் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி, எவனோ ரொட்டியில் தடவித் தின்னப்போகிறான் என்று நினைத்தபோது எச்சில் ஊறித் துப்பினேன். மற்றவர்கள் புழுப் பழத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு மிச்சத்தைப் பிசைந்தார்கள்.

பழம் வருவதற்கு முன்னாலேயே சர்க்கரையை வாங்கி வைத்தாக வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கடையில் அவ்வளவு சர்க்கரை இருக்காது. பத்துக் கிலோ பழத்தில் எத்தனை கிலோ கூழ் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. தலைவிக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது தெரியும் என்றே சொல்ல வேண்டும். தலையோடு இருக்கிற இறாலை உரித்தால் பாதிதான் நிற்கும். பத்துக் கிலோ போட்டால் ஐந்து கிலோ சதை. ஷெட்டில் கூலியே அந்தக் கணக்கில்தான். "எறா உரிச்சா பாதி. இதுல கொட்ட போச்சுன்னா பாதி. இதுக்கு இன்னாத்துக்குப் பத்தாங்கிளாசு?" என்றார் தலைவி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஐந்து கிலோ சர்க்கரை வாங்கியிருந்தோம்.

கூழை டம்ளரால் அளந்தேன். இருபத்தெட்டு டம்ளர் வந்தது. சர்க்கரையையும் அதே டம்ளரால் அளந்தேன். இருபத்தைந்து. மேடம் சொன்ன ஒரு கப்புக்கு ஒரு கப் ஏறக்குறைய சரியாக இருந்தது. மூன்று டம்ளர் கூழ் மட்டும் அதிகம். அது ஏன் என்றும் தலைவிக்குத் தெரிந்திருந்தது. இறாலை ஈரத்தோடு எடை போட்டால் தண்ணீர்க் கழிவு என்று கொஞ்சம் தள்ளுவார்கள் இல்லையா, அதுதான் இது. பழத்தைக் கழுவிய தண்ணீர். கொதித்தால் போய்விடும். எங்களுக்கெல்லாம் அது நியாயமாகவே பட்டது. தண்ணீர் கலந்து எடை ஏறாத பொருளை நாங்கள் கண்டதே இல்லை.

கொதிக்கக் கொதிக்க அது இறுகவில்லை. விறகுதான் தீர்ந்தது. கரண்டியால் தூக்கி ஊற்றினால் ரசம் மாதிரி ஓடியது. ஆறினால் கெட்டிப்படும் என்று சொல்லிப் பாட்டிலில் ஊற்றி மூடினார்கள். கரையிலிருந்து கடைக்காரர் ஆள் வருகிற வரைக்கும் பாட்டில்கள் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள், ஓட்டு வீடு, எலி குறைவு என்று.

ஜாம் கெட்டால் எப்படி இருக்கும் என்பதை எழுதுவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முதலில் மூடிகள் புடைத்தன. அப்புறம் ஒரு பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது, மூடிகள் கழன்று நுரை பொங்கி வழிந்து அலமாரித் தட்டு, அடியில் இருந்த அரிசி டின், துவைத்து மடித்த துணி, தரை எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. ஊதா நுரை. அதன் மேல் எறும்பு, ஈ, நான் பேர் தெரியாத சின்னச் சின்னப் பூச்சி. ஒரு பாட்டிலுக்குள் சாம்பல் நிறத்தில் முடி முளைத்தது போலப் பூஞ்சை. புளித்த வாடை தெருவில் நடக்கிறவரைக் கூடத் திரும்பிப் பார்க்க வைத்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் கழித்து வீட்டிலேயே சாராயம் காய்ச்ச ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டார். நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு துடைத்தேன். அரிசி டின்னைக் கழுவிய தண்ணீர் வாசலில் ஓடிய இடம் மழை வரும் வரை கறையாகவே கிடந்தது.

நாத்தனார் அதைப் பார்த்தாள். மறுநாள் விடியும்போது கிளம்பி ஷெட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது மூன்றாவது நகம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்க்காமல் இருக்கக் கையைப் புடவையில் சுற்றிக்கொண்டாள். கடைக்காரர் இன்னொரு தடவை செய்து பாருங்கள், அதற்கு மேல் என்னால் காத்திருக்க முடியாது என்று சொல்லியனுப்பியிருந்தார்.

எனக்கு அந்த இரண்டு எண்ணும் மனசில் அரித்துக்கொண்டே இருந்தன. இருபத்தெட்டும் இருபத்தைந்தும். கூழ் ஒரு டம்ளர் கனமாக இருந்தது, சர்க்கரை ஒரு டம்ளர் அவ்வளவு கனமில்லை. கையில் பிடித்தபோதே அது தெரிந்துதான் இருந்தது. அது என்ன கணக்கு என்று பார்க்க ஒரு தராசு வேண்டும். கரையில் மளிகைக் கடையில் இருக்கிறது. ஆனால் ஒரு டம்ளர் பழக்கூழை எடுத்துக்கொண்டு போய், ஆண்கள் நிற்கிற கடையில், இதை எடை போட்டுச் சொல்லுங்கள் என்று கேட்பது என்னால் ஆகாது. நாத்தனாரிடம் சொன்னேன். அவள் வேலைக்குப் போகாமல் என்னோடு வந்தாள்.

ஒரு கிலோ பழத்தைக் கரையிலேயே வாங்கி, சந்தடி இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து பிசைந்தோம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிசைந்தேன். அவள் கையைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடையில் அவள்தான் பேசினாள். மளிகைக்காரர் டம்ளரைப் பார்த்து, "இன்னாது இது, யாருக்கு லேகியம்?" என்று கேட்டார். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார், "உனக்குத்தான், எடையப் போடு" என்றாள். அப்புறம் அவரை நிறுத்தி, முதலில் காலி டம்ளரைப் போடச் சொன்னாள். ஷெட்டில் கூடைக் கழிவில் எத்தனையோ தடவை ஏமாந்தவள். கூடையின் எடையைக் கழிக்காமல் அவளால் எதையும் எடை என்று நம்ப முடியாது.

டம்ளரைக் கழித்தால் கூழ் இருநூற்றைம்பது கிராம். அதே டம்ளரில் தலைதட்டிய சர்க்கரை இருநூறு கிராம். அந்த ஒரு கிலோ பழத்தில் கூழ் கிடைத்தது மூன்று டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு, எழுநூறு கிராம். பாதி இல்லை. நாவல் கொட்டை இறால் தலை அளவுக்கு இல்லை. முதல் தடவை நாங்கள் காய்ச்சியது ஏழு கிலோ கூழ். அதற்குப் போட்டது ஐந்து கிலோ சர்க்கரை; கிலோவுக்குக் கிலோ என்றால் இரண்டு கிலோ குறைவு, அதனால்தான் இறுகாமல் பொங்கியது. அந்த மூன்று டம்ளர் தண்ணீர் இல்லை, பழமேதான்.

படகில் வரும்போது அவளுக்கு விளக்கிச் சொன்னேன். ஒரு டம்ளர் கூழுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை போட்டு, மேற்கொண்டு கால் டம்ளர் போட வேண்டும். நாலு டம்ளர் கூழுக்கு ஐந்து டம்ளர் சர்க்கரை. அவள் அதை வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது தடவை பழம் வந்தபோது கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தோம். தலைவி என் கணக்கைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினாலும் ஏழு கிலோ சர்க்கரை வாங்கி வந்திருந்தார். என் வேலை அளப்பது. நாத்தனாருக்குப் பிசைகிற வேலை. அவள் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு அண்டாவில் கையை விட்டாள். நாவல் கொட்டை உறையைக் கிழித்துவிட்டது. நாவல் சாறு புளிப்பும் துவர்ப்பும் உள்ளது. அது வெந்த தோலுக்குள் இறங்கினால் எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பேச்சு நின்றுபோய், உதட்டைக் கடித்துக்கொண்டு, மெதுவாகப் பிசைந்துகொண்டிருந்தாள். கையை எடுத்தபோது சாற்றில் எது நீலம் எது ரத்தம் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டு, ஐயே, இதையா ஜனங்க தின்னணும் என்று தள்ளி உட்கார்ந்தாள். அந்த அண்டாவில் இருந்ததை அப்படியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதாயிற்று.

எனக்கு எல்லார் மேலும் வெறுப்பு வந்தது. தள்ளி உட்கார்ந்தவள் மேல், பழத்தின் மேல், கொட்டிய இடத்தில் வந்து மொய்த்த ஈயின் மேல், வலிக்கிறது என்று சொல்லாத இவள் மேல்.

தலைவி கெட்டவர் இல்லை. ஆனால் கடைக்காரர் சொன்னது கடைசித் தடவை. தலைவி நாத்தனாரைப் பார்த்து, "கை வெக்க முடியாதுன்னா உனக்கு இங்க இன்னா வேல? வூட்டுக்குப் போ. ஆறினப்புறம் பாக்கலாம்" என்றார். ஆறாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குப் போனால் அவள் மறுநாள் ஷெட்டுக்குத்தான் போவாள். அவள் எழுந்து உறையைக் கழற்றினாள்.

கூட்டத்தில் நான் இரண்டாவது தடவையாகப் பேசியது அன்றுதான். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "அளக்கிறத அது பாக்கட்டும். நான் பிசையறேன்."

கூடமே சிரித்தது. "நீயா? பழத்தப் பாத்தாலே கடலுக்குப் புதுசாப் போனவன் மாரி ஓங்கரிக்கிறவ" என்றாள் ஒருத்தி. தலைவி சிரிக்கவில்லை. இது படித்தது மூணாங்கிளாஸ், கணக்கு தப்பினால் இந்தத் தடவையும் உங்கள் வீட்டு அலமாரியில்தான் பொங்கும் என்றார். பிறகு நாத்தனாரைப் பார்த்துக் கேட்டார். "ஏழு டம்ளர் கூழுக்கு எத்தினி சக்கர? சொல்லு பாப்போம்."

நாத்தனார் புண்ணான கையை மார்போடு வைத்துக்கொண்டு, இடது கை விரல்களை மடக்கினாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள். "ஏழுக்கு ஏழு. அப்பறம் ஏழு கால். அது ஒண்ணே முக்கால். எட்டே முக்கா டம்ளர்" என்றாள்.

தலைவிக்கு அது சரியா தப்பா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் டம்ளரை எடுத்து, தன் புடவையில் துடைத்து, நாத்தனாரின் நல்ல கையில் கொடுத்தார்.

அதற்கு அப்புறம் மிச்சப் பழம் இருந்த அண்டாவில் நான் கையை விட வேண்டியிருந்தது. விட்டேன். நாக்கை மடித்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டேன். கூழ் வெதுவெதுப்பாக இருந்தது. பழம் விரலுக்கு நடுவில் பிதுங்கி வழுக்கிக்கொண்டு போகிறபோது உயிருள்ள ஏதோ ஒன்றைக் கொல்கிற மாதிரி இருந்தது, ஆனால் மீனைக் கொல்லும்போது எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. ஒரு புழு மணிக்கட்டில் ஏறியது. உதறினேன், எழுந்திருக்கவில்லை. நாத்தனார் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, காய்ந்த கையால் சர்க்கரையைத் தலைதட்டி, ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஜாம் இறுகியது. கடைக்காரர் ஒரு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து, மீன் வாடை வருகிறதா என்று எங்கள் கண் முன்னாலேயே ஆழமாக மூச்சை இழுத்தார். எனக்கு அவர் முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. எடுத்துக்கொள்கிறேன் என்றார். நாத்தனார் ஷெட்டை விட்டுவிட்டாள்.

ஒவ்வொரு பழத்துக்கும் கணக்கு வேறு. கொய்யாக்கூழ் ஒரு டம்ளர் நாவலை விடக் கனம், விதை நீக்கினால் வேறு கனம். மாம்பழத்தில் நார் இருந்தால் ஒன்று, வடிகட்டினால் ஒன்று. புதுப் பழம் வரும்போதெல்லாம் அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு தனியாகக் கரைக்குப் போய் மளிகைக் கடையில் வாக்குவாதம் பண்ணி எடை போட்டு வருகிறாள். நான் கூடப் போவதில்லை. எனக்கு இங்கே வேலை கிடக்கிறது.

பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆகவில்லை. மாம்பழ நார் நகத்துக்குள் போனால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஜாம் செய்கிற நாளில் எனக்குச் சோறு இறங்காது, இரண்டு கருவாடு சுட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். போன வாரம் கொய்யா. இரண்டு கையும் முழங்கை வரை கூழ். நெற்றியில் முடி விழுந்து, அதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து நகர மாட்டேன் என்றது. கையைத் தூக்க முடியாது. தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஈயை ஓட்டி, முடியைப் பின்னால் தள்ளி, நெற்றியைத் துடைத்துவிட்டாள். அந்தக் கை உலர்ந்து, சொரசொரப்பாக, சுத்தமாக இருந்தது. அந்தக் கூடத்தில் பழ வாடை அடிக்காத கை அது ஒன்றுதான். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திரு என்று சொன்னேன்.